தனுஷ்கோடிப் படத்தில் ஒரு புள்ளி

மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வீடெல்லாம் அதைத் தேடுகிற வயதுக்கு வந்துவிட்டோம், என் வயதொத்த சோட்டுக்காரர்களே. உங்களுக்கும் நினைவிருக்கும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நம் வீட்டு ஹால்களில் எல்லாம் ஒரு வெளிநாட்டு அருவி போஸ்டரில் கொட்டிக்கொண்டிருந்தது. பின்னால் பனிமலை, முன்னால் மரவீடு, கீழே ஆங்கிலத்தில் ஒரு பொன்மொழி. வைகையில் சொட்டுத் தண்ணீர் இல்லாத மே மாதத்திலும் அந்த அருவிக்கு மட்டும் பஞ்சம் வந்ததில்லை. எங்கள் வீட்டில் அருவி கிடையாது. கறுப்பு மையில் வரைந்த ஒரு படம் இருந்தது. கடலோரத்து ஊர் ஒன்றின் படம். வீட்டுக்கு வருகிறவர்கள் எந்த ஊர் என்று கேட்பார்கள். தனுஷ்கோடி என்று சொன்னதும் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

அந்தப் படம் வரையப்பட்ட கோடையைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அப்போது எனக்குப் பத்து, பதினோரு வயது. அதற்குப் பிறகு எத்தனையோ சாவு, கல்யாணம், ஆஸ்பத்திரி எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஆனாலும் கண்ணை மூடினால் இன்றைக்கும் அந்த வருடத்து ஆடி அமாவாசைதான் முன்னால் வந்து நிற்கிறது.

முதலில் அத்தையைச் சொல்ல வேண்டும். அப்பாவின் ஒரே தங்கை. எங்களோடுதான் இருந்தாள். நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம், கழுத்தில் மஞ்சள் மங்காத தாலிக்கயிறு, நடந்தால் டக்டக்கென்று மெட்டிச் சத்தம். கணவர் மட்டும் இல்லை. மாமா தனுஷ்கோடியில் காபி கிளப் வைத்திருந்தவர். இலங்கைக்குக் கப்பல் ஏறும் சனத்துக்கு இட்டிலியும் காபியும் போட்ட கடை. கல்யாணமாகி ஒரு வருடம்தான் அத்தை அங்கே குடித்தனம் செய்தாள். அறுபத்து நான்கு புயலில் கடல் ஊருக்குள் வந்தது. ஊர் போனது, கடை போனது, மாமாவும் போனார். அத்தை மட்டும் கட்டின சேலையோடு திரும்பி வந்தாள்.

மாமாவின் உடல் கிடைக்கவில்லை என்றுதான் வீட்டில் சொல்வார்கள். என்ன நடந்தது என்று யார் கேட்டாலும் அத்தை ஒரே வாக்கியம்தான் சொல்வாள். "இந்தா வாரேன்னு சொல்லிட்டுப் போனாக." அதற்கு மேல் அவள் வாயிலிருந்து எதுவும் வராது. உடல் கிடைக்காததால் கருமாதி இல்லை, திதி இல்லை, தாலியும் இறங்கவில்லை. அப்பா பல வருடம் ராமேஸ்வரத்துக்குப் போய்த் தேடினார். மடம், சத்திரம், கோயில் வாசல் என்று உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு பரதேசியின் தாடிக்குள்ளும் மாப்பிள்ளையின் முகம் இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பாராம். நான் பிறந்த பிறகுதான் போவதை நிறுத்தினார்.

அத்தை மாமாவுக்காகக் காத்திருக்கிறாள் என்று எல்லோரும் நம்பினோம். பாவம், புத்தியில் அந்த ஒரு மூலை மட்டும் புயலோடு போய்விட்டது என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்லக் கேட்டிருக்கிறேன். மற்றபடி அத்தைக்குக் குறை ஒன்றும் இல்லை. தெருவில் வளைகாப்பு என்றால் முதல் வளையல் போட அவளைத்தான் கூப்பிடுவார்கள். கைராசிக்காரி என்று பெயர்.

எங்கள் மாடிப் போர்ஷனில் ஒரு டிராயிங் வாத்தியார் குடியிருந்தார். பள்ளிக்கூட லீவு விட்டதும் மாடி வராந்தாவில் பலகையைச் சாய்த்து வைத்துக்கொண்டு, நிப்புக் கட்டையை இந்தியன் இங்க்கில் தொட்டுத் தொட்டு, கோபுரமும் தெப்பக்குளமுமாக வரைந்து தள்ளுவார். அந்த மைக்கு ஒரு வாடை உண்டு. கற்பூரமும் கரியும் கலந்த வாடை. எனக்கு அது மிகவும் பிடிக்கும். மை ஒருமுறை விழுந்தால் ரப்பருக்கு மசியாது. தப்பாகிவிட்டால் பாதி பிளேடால் மேலாகச் சுரண்டுவார். சுரண்டின இடத்தில் காகிதம் பஞ்சு பஞ்சாக எழும்பும்.

ஒருநாள் வடகம் காயப்போட மாடிக்குப் போன அத்தை, வாத்தியாரின் பின்னால் நெடுநேரம் நின்றாள். அப்புறம் கேட்டாள்.

"சார், நீங்க பாக்காத ஊர வரைவீகளா?"

"பார்த்தவங்க சொன்னா வரையலாம்மா."

"நா சொல்றேன்."

அந்தக் கோடை முழுக்க அத்தை சொன்னாள், வாத்தியார் வரைந்தார், நான் வடகத்தைக் காக்கையிடமிருந்து காப்பாற்றுகிற சாக்கில் மாடியிலேயே கிடந்தேன். என் வாழ்க்கையில் நான் பார்த்த முதல் கடல் அந்தப் படத்துக் கடல்தான். ஒரு பக்கம் அலையே இல்லாத பெண்கடல், மறுபக்கம் எப்போதும் சீறுகிற ஆண்கடல், நடுவில் ஒரு முழத் துணி கிடப்பதுபோல மணல். கப்பல் நிற்கும் பாலத்தின் நுனி வரைக்கும் தண்டவாளம். ஸ்டேஷன், தபாலாபீஸ், பிள்ளையார் கோயில், பவளக்கல்லால் கட்டின மாதா கோயில், அதைத் தாண்டிக் கீற்றுக் கொட்டகையாக மாமாவின் காபி கிளப். அத்தை கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். "இங்கன இருந்து கெழக்க பாத்து நில்லுங்க சார். இப்ப வலது கைப்பக்கம் தண்ணித் தொட்டி. தெரியுதா?" வாத்தியார் தெரிகிறது என்பார். மதுரை மாடியில் உட்கார்ந்துகொண்டு இரண்டு பேரும் அந்த மணலில் நடந்தார்கள்.

வாத்தியாருக்கு ஒரு கெட்ட பழக்கம். கடற்கரை என்றால் தென்னை மரம் வைத்தாக வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் மூன்று தென்னையை நட்டுவிட்டார். "அங்க ஏது சார் தென்ன? தாழம்புதர்தான்" என்று அத்தை முகத்தைச் சுளித்தாள். பாவம், அவர் ஒரு சாயங்காலம் முழுக்க பிளேடால் தென்னந்தோப்பை வெட்டிக்கொண்டிருந்தார்.

படத்தில் ஆட்களே இல்லை. அது எனக்கு உறுத்தியது. ஸ்டேஷனில் போர்ட்டர் இல்லை, பாலத்தில் பிரயாணி இல்லை, கடை வாசலில் கல்லாவில் மாமா கூட இல்லை. நான் கேட்டேன். "ஆளே இல்லாத ஊரா அத்தை?"

"எல்லாரும் உள்ள இருக்காக" என்றாள்.

கடைசி நாள், வாத்தியார் மைப்புட்டியை மூடப் போனபோது அத்தை தடுத்தாள். மாதா கோயிலுக்குக் கிழக்கே, ஒரு தாழம்புதரை ஒட்டி வெறும் மணலைக் காட்டி, அங்கே ஒரு புள்ளி வைக்கச் சொன்னாள்.

"என்ன புள்ளிம்மா? கல்லா? படகா?"

"சும்மா ஒரு புள்ளி சார்."

"மை சொட்டின மாதிரி இருக்கும்மா. பார்க்கிறவங்க என்னைத்தான் திட்டுவாங்க."

"இருக்கட்டும் சார்."

அவர் அரைமனதாக ஒரு புள்ளி வைத்தார். அத்தை அது காய்கிற வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் விசிறினாள். அன்றைக்குக் கீழே இறங்கி வந்ததும் அடுப்படியில் ஏதோ முணுமுணுத்தபடி தோசை சுட்டாள். பாட்டு மாதிரி இருந்தது. அத்தை பாடி நான் அதுவரை கேட்டதில்லை.

இனி அக்காவின் கதைக்கு வருகிறேன். என் அக்காவுக்கு அந்த வருடம் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பஜ்ஜி, கேசரி, காபி வரை எல்லாம் நல்லபடியாக நடக்கும். பிறகு பதில் வராது. ஒன்றல்ல, வந்த வரன் எல்லாமே அப்படித்தான் கைநழுவியது. அக்கா கேசரி வாசனைக்கே எரிந்து விழத் தொடங்கினாள். அம்மா டி. கல்லுப்பட்டிப் பக்கம் ஒரு ஜோசியரிடம் அப்பாவை இழுத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்த இரவு இருவரும் சாப்பிடவில்லை. வீட்டில் ஓர் ஆத்மா தண்ணீர் கிடைக்காமல் நிற்கிறது, அதற்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் பெண்ணுக்குத் தாலி ஏறாது என்று ஜோசியர் சொல்லிவிட்டாராம்.

அது யாருடைய ஆத்மா என்று ஜோசியர் சொல்லத் தேவையிருக்கவில்லை.

அப்பா கெட்டவர் இல்லை. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். ஆடி அமாவாசைக்கு மாமாவுக்குத் திதி கொடுப்பது, அத்தைக்கு மெதுவாக எடுத்துச் சொல்வது என்று முடிவு செய்தார். அதில் ஒரு சங்கடம். சுவரில் தாத்தா பக்கத்தில் மாட்டி மாலை போட மாமாவின் படம் இல்லை. இருந்த ஒரே கல்யாண போட்டோவும் காபி கிளப்போடு கடலுக்குள் போயிருந்தது. படம் இல்லாமல் எதைக் கும்பிடுவது? அப்போதுதான் அப்பாவின் கண் வாத்தியார் வரைந்த படத்தின்மேல் விழுந்தது.

"உன் ஊருக்குக் கண்ணாடி போட்டுத் தாரேன் தாயி" என்று வாங்கிக்கொண்டு போனார். அத்தைக்கு அவ்வளவு சந்தோஷம். படம் கறுப்புச் சட்டத்தோடு வந்தது. மேலே மாலை தொங்கவிட இரண்டு கொக்கி, கீழே சிவப்பு சீரோ வாட் பல்பு. எங்கள் வீட்டில் பல்பு வைத்த படங்கள் எல்லாம் யாருடையவை என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் புதுப் பல்பைக் கண்ட குஷியில் சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைத்துக்கொண்டிருந்தேன்.

ஆடி அமாவாசை அன்று காலையில் அப்பா அத்தையையும் என்னையும் அழகர்கோவிலுக்கு அனுப்பினார். அக்காவுக்கு நல்ல இடம் அமைய வேண்டும், மலைமேல் தீர்த்தத்தில் குளித்துக் கும்பிட்டுவிட்டு வா என்று அத்தையிடம் சொன்னார். பெரியார் பஸ் ஸ்டாண்டில் கூட்டம் பஸ்ஸை அடைத்துக்கொண்டு நின்றது. ஜன்னல் வழியாக என்னை உள்ளே திணித்து அத்தை இடம் பிடித்தாள். தீர்த்தத் தொட்டியில் தண்ணீர் சில்லென்று தலையில் விழுந்தபோது "எம் புள்ளைக்கு ஒரு வழி விடு, ஆத்தா" என்று அத்தை சத்தமாகவே வேண்டினாள். அக்காவுக்காகத்தான் வேண்டினாள். கீழே இறங்கி, அழகர்கோவில் தோசையை வாங்கிக்கொண்டோம். நெய்யில் ஊறி, மிளகு வாசனையோடு, விரல் தடிமனில் இருக்கும் பிரசாதத் தோசை. வழியெல்லாம் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, அண்ணனுக்கு நடுப்பாகம்தான் பிடிக்கும் என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

மத்தியானம் வீட்டுக்குள் நுழைந்தோம். சாம்பிராணிப் புகை. புரோகிதர் போய்விட்டிருந்தார். அப்பா வேட்டியோடு, மேல்துண்டு இல்லாமல், விரலில் தர்ப்பை மோதிரத்தைக் கழற்றாமல் நின்றார். நடுஹால் சுவரில் தனுஷ்கோடி. அதற்குச் சம்பங்கி மாலை. கண்ணாடியில் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். பொட்டு மாதா கோயில் கூரையின்மேல் விழுந்திருந்தது. கீழே சிவப்புப் பல்பு எரிந்துகொண்டிருந்தது. அதற்கும் கீழே வாழையிலையில் வடையும் பாயசமும்.

ஊருக்கு யாராவது மாலை போடுவார்களா? கொல்லைச் சுவரில் காக்கைகள் கத்தின.

"என்னண்ணே இது?" என்றாள் அத்தை.

"உக்காரு தாயி, சொல்றேன்."

"ஊருக்கு மாலை போட்டிருக்கீக. அங்கன எம்புட்டு சனம் இருந்துச்சு தெரியுமா? அம்புட்டுப் பேருக்கும் சேத்துப் போட்டுட்டீகளா?"

"மாப்ள படம் இல்லையே தாயி. அவரு இருந்த ஊரத்தான வைக்க முடியும்." அப்பாவின் குரல் உடைந்தது. "எம்புட்டு நாளைக்கு இப்படியே இருப்ப? அவரு வர மாட்டாரு. செத்துட்டாரு தாயி. ஏத்துக்க."

அத்தை மயங்கி விழுவாள், அல்லது தலையில் அடித்துக்கொண்டு அழுவாள் என்று எல்லோரும் தயாராக இருந்தார்கள். அம்மா தண்ணீர்ச் சொம்போடு பக்கத்தில் வந்துவிட்டாள். அக்கா கதவுக்குப் பின்னால் விசும்பத் தொடங்கினாள்.

அத்தை அழவில்லை.

"தெரியும்ணே" என்றாள். "நாந்தான பொதச்சேன்."

அம்மாவின் கையிலிருந்து சொம்பு விழுந்தது. அது உருண்டு போய்ச் சுவரில் முட்டி நிற்கும் வரை யாரும் அசையவில்லை. அப்பாவின் முகத்தை நான் பார்த்தேன். அப்படி ஒரு முகத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் யாரிடமும் பார்த்ததில்லை. வாய் திறந்திருந்தது. கேட்டது புரிந்தும் புரியாதவர்போல அத்தையையே பார்த்தார்.

அத்தை தோசைப் பொட்டலத்தை என்னிடம் கொடுத்துவிட்டுப் படத்துக்குப் பக்கத்தில் போனாள். கண்ணாடிமேல் விரலை வைத்தாள். தாழம்புதரை ஒட்டிய புள்ளியில்.

"இங்கன. என்னைய மணல் மேட்டுல ஏத்திவிட்டுட்டு, கடையில மாட்டிக்கிட்ட சனத்தக் கூப்பிட்டு வாரேன்னு போனாக. விடிஞ்சு தேடிப் போனேன். இந்தப் பொதருல மாட்டிக் கெடந்தாக. நம்ம கடை இட்டிலி வட்டில் ஒண்ணு ஒதுங்கிக் கெடந்துச்சு. அத வச்சுத் தோண்டுனேன்."

அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "நா எத்தன வருசம் தேடுனேன்" என்றார். யாரிடமோ கேட்பதுபோல இருந்தது. "ஒவ்வொரு பிச்சக்காரன் தாடியையும் வெலக்கி வெலக்கிப் பாத்தேனே. சொல்லியிருக்கலாம்ல தாயி?"

"சொல்லியிருந்தா? நம்ம பெரியம்மா எப்படி இருந்துச்சுன்னு ஒங்களுக்குத் தெரியாதா? பதினேழு வயசுல வெள்ளச் சேல. நல்ல நாள்ல அடுப்படிய விட்டு வெளிய வந்து பாத்திருக்கீகளா? எனக்கு அப்ப இருபது வயசுண்ணே. மீட்க வந்த படகுல ஏறுறதுக்குள்ள முடிவு பண்ணிட்டேன், யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னு. நீங்க ராமேஸ்வரம் கெளம்புறப்பல்லாம் சொல்லிரலாம்னு வாய் வரைக்கும் வரும். திரும்பி வந்து நீங்க மொகங்கழுவுறதப் பாத்தா பயமா இருக்கும். இப்பச் சொன்னா என்னைய மன்னிப்பீகளான்னு."

அப்பா விரலிலிருந்த தர்ப்பை மோதிரத்தை உருவித் தரையில் வைத்தார்.

அத்தை மாலையைக் கழற்றி இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். தீர்த்தத்தில் குளித்ததில் அவள் நெற்றிப் பொட்டு கரைந்து போயிருந்தது. கண்ணாடியில் இருந்த குங்குமத்தை மோதிர விரலால் வழித்து எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். செத்தவருக்கு வைத்த குங்குமம். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அவுகளுக்குச் சேர வேண்டியதச் செய்யிங்க, வேண்டாங்கல" என்றாள் அத்தை. "பொட்டு என்னுது."

பல்பை அணைத்துப் படத்தைக் கழற்றித் தன் அறைக்குக் கொண்டுபோனாள். அந்தத் தோசையை யாரும் தின்னவில்லை. மறுநாள் எறும்பு மொய்த்துக் கிடந்தது.

அப்பா அத்தையோடு பேசுவதை விட்டார். தீபாவளி நெருங்கும்வரை வீட்டில் என்னைத் தூது அனுப்பித்தான் பேச்சு. பிறகு ஒரு சாயங்காலம் அவராகவே அத்தையின் அறைக்குள் போய்ப் படத்தின் முன் நின்றார். நான் அங்கே வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். "ஆழமாத் தோண்டுனியா?" என்று கேட்டார்.

"வட்டில வச்சு எம்புட்டுத் தோண்ட முடியும்ணே."

அவர் தலையாட்டினார். வெகுநேரம் தலையாட்டிக்கொண்டே நின்றார். அதோடு பேச்சு சேர்ந்துவிட்டது.

இந்த இடத்தில் கதையை முடித்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் என்னை இன்றுவரை அதிரவைப்பது இதற்கு அப்புறம் நடந்ததுதான். தை மாதம் அக்காவுக்குக் கல்யாணம். அத்தை பட்டுச் சேலை கட்டி, பொட்டு வைத்து, மல்லிகை சூடி, மாப்பிள்ளை அழைப்புக்கு ஆரத்தி கரைத்து வைத்திருந்தாள். தட்டை எடுக்கப் போனபோது அம்மா அவள் கையைப் பிடித்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நீ உள்ள இரு தாயி. பந்தியப் பாத்துக்க" என்றாள். தட்டை வேறொருத்தியிடம் கொடுத்தாள்.

ஊருக்கு எதுவும் தெரியாது. மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாது. அம்மாவுக்கு மட்டும் தெரியும், அவ்வளவுதான். அதே பொட்டு, அதே தாலி, அதே கைராசி. போன ஆடி வரைக்கும் அம்மாவே தெருவெல்லாம் மெச்சிக்கொண்டிருந்த கை. அத்தை அப்பாவைப் பார்த்தாள். அப்பா மணமேடை ஜோடனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை பந்திக்குப் போய் இலை போடத் தொடங்கினாள். ஈர மணலில் நின்றுகொண்டு இருபது வயதுப் பெண் ஒருத்தி பயந்தது கொஞ்சமும் தப்பில்லை என்று எங்கள் வீடே நிரூபித்துக் காட்டியது. அம்மாவை நான் வெறுக்கவில்லை. ஆனால் அந்தக் கை நீண்டு அத்தையின் கையைப் பிடித்ததை என்னால் மறக்கவும் முடியவில்லை. என் மகளுக்கு இப்போது அதே இருபது வயது. கைபேசியைத் தொலைத்துவிட்டால் அரை நாள் அழுகிறாள்.

அத்தை போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகின்றன. பொட்டோடுதான் போனாள். படம் என்னிடம் இருக்கிறது. போன மழைக்குக் கண்ணாடிக்குள் ஈரம் இறங்கிப் பூஞ்சை பிடித்துவிட்டது. புதுச் சட்டம் போடலாம் என்று கோயில் பக்கத்துக் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரத் தம்பி நல்ல பையன். படத்தை வெளியே எடுத்துப் பக்குவமாகத் தூசி தட்டினார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தால், அவர் கையில் பாதி பிளேடு இருந்தது. மாதா கோயிலுக்குக் கிழக்கே குனிந்திருந்தார்.

நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"ஒண்ணுமில்லக்கா" என்றார் தம்பி, பயந்துபோய். "படம் அம்புட்டு சுத்தமா இருக்கு, ஒரு ஆளு கூட இல்லாம. இங்கன மட்டும் மை சொட்டியிருக்கு. சுரண்டி எடுத்துரலாம்னுதான்."

பிளேடை அவர் விரலிலிருந்து வாங்கி மேஜைமேல் வைத்தேன்.

"அது மை சொட்டுனது இல்ல தம்பி" என்றேன். "அது எங்க மாமா."